அந்தப் பக்கம் யார்?
கரையோரத்தில் கேபிள் இழுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரை கூரைக்கு மேலேயும் சுவருக்கு உள்ளேயும் கேபிள் இழுத்து, பாடசாலைக் கணினிக் கூடத்துக்கும் விடுதிக்கும் பண்ணை அலுவலகத்துக்கும் ஸ்விட்ச் பூட்டிக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இந்த மடல் இறாலில் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980களில் புத்தளம், முந்தல் களப்புகளின் ஓரமாகவும் டச்சுக் கால்வாயின் இரு கரையிலும் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைகள் பல, முதலாளிமார் பலர், தண்ணீர் மட்டும் ஒன்று. ஒருவர் அறுவடை முடித்துக் குளத்தைக் காலிசெய்து விட்ட தண்ணீரைத்தான் அடுத்தவர் மதகைத் திறந்து உள்ளே எடுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது வேலி பார்க்கவில்லை, காணி உறுதியில் இருந்த பெயரையும் பார்க்கவில்லை. கால்வாய் போன வழியெல்லாம் போனது. 1998இல் திரும்பவும் வந்தது. பல குளங்கள் அதன்பிறகு நிரப்பப்படவே இல்லை. கொழும்பு வீதியில் பஸ்ஸில் போகும்போது புல் முளைத்துக் கிடக்கும் அந்தச் சதுரங்களை உங்களில் பலர் சிறுவயது முதல் பார்த்திருப்பீர்கள்.

எல்லோருக்கும் ஒரே தண்ணீர் என்ற அந்த ஏற்பாட்டுக்கு உங்கள் மொழியில் பெயர் தட்டையான வலையமைப்பு. பிரிவே இல்லாத ஒரே வலை. ஒரு கணினி 'இந்த ஐபி யாருடையது?' என்று கத்தினால் வலையில் உள்ள அத்தனை கணினியும் காது கொடுக்க வேண்டும். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ரௌட்டரைத் தலைகீழாகச் செருகிவிட்டால், அது தன் இஷ்டத்துக்கு ஐபி முகவரிகளை விநியோகிக்க, கணக்குப் பிரிவு முதல் அதிபர் அறை வரை எல்லாம் படுத்துவிடும்.

இது சின்ன இடத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீகனஸ் என்றொரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. 2002 நவம்பரில் அங்கே ஓர் ஆய்வாளர் ஓடவிட்ட கோப்புப் பகிர்வு மென்பொருள் வலையை மூழ்கடித்தது. வருடக்கணக்காக ஸ்விட்ச்சுக்குப் பின்னால் ஸ்விட்ச்சாகக் கோத்துக்கொண்டே போன வலை அது. சுழலைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஏழு தாவலுக்கு என்று வகுக்கப்பட்டது. மருத்துவமனையின் வலையோ அதைத் தாண்டி நீண்டிருந்தது. நான்கு நாட்களாக மருத்துவர்கள் கடதாசியில் மருந்து எழுத, ஆட்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவர் ஜோன் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் ஊரறியச் சொன்னார். அவர் சொன்னதால்தான் இன்றுவரை அது பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது.

வலையைப் பிரிக்கும் வழி அதற்கு முன்பே இருந்தது. ஒரே கம்பியில், ஒரே ஸ்விட்ச்சில் பல வலைகளைத் தனித்தனியே ஓடவிடும் யோசனையை 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் டேவிட் சின்கோஸ்கி என்பவர் முன்வைத்தார். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு நிறம் என்று அவர் கற்பனை செய்தார். சிவப்புப் பொட்டலம் சிவப்பு வலையில் மட்டும் போகும், பச்சை பச்சையில் மட்டும். 1998இல் ஐ-ட்ரிபிள்-ஈ நிறுவனம் அந்த நிறத்துக்கு ஓர் எண் கொடுத்து 802.1கியூ என்ற நியமமாக வெளியிட்டது. நீங்கள் வீலான் 10, வீலான் 20 என்று தட்டும் எண்கள் அந்த நிறங்கள்தான்.

வீலான் உருவாக்குவது சுகம். இரண்டு வரி போதும். தவறு நடப்பதெல்லாம் போர்ட்டில். 'இதை அக்ஸஸ் போடுவதா, ட்ரங்க் போடுவதா?' என்று கேட்டால் 'ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் என்றால் ட்ரங்க், கணினிக்கு அக்ஸஸ்' என்று மனப்பாடமாகப் பதில் வரும். பாதிச் சந்தர்ப்பங்களில் அது சரிதான். மீதிப் பாதியில்தான் இரவு பத்து மணிக்குப் போன் வருகிறது.

போர்ட்டின் வகையைத் தீர்மானிப்பது கேபிளின் மறுமுனை. அங்கே இருப்பதற்கு வீலான் குறியை வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கந்தக்குழியிலோ கல்பிட்டியிலோ தோணிகள் கரையேறும் நேரத்தில் நின்று பாருங்கள். கரையில் உள்ள மீனவர் வாடிக்குள் மீன்பெட்டிக்குக் குறி தேவையில்லை. வாடி ஒருவருடையது, உள்ளே இருப்பதெல்லாம் அவருடையது. ஆனால் பேலியகொடைச் சந்தைக்குப் போகும் லொறியில் நாலைந்து பேரின் பெட்டிகள் ஒன்றாக ஏறும்போது பெட்டியில் பெயின்டால் ஓர் எழுத்து வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலை இறக்குபவர் யாருடைய தட்டில் கொட்டுவார்?

அக்ஸஸ் போர்ட் என்பது வாடியின் வாசல். உள்ளே வரும் பொட்டலத்தில் குறி இல்லை. ஸ்விட்ச்தான் 'இந்த வாசலால் வந்தது, ஆகவே வீலான் 20' என்று மனதில் பதிந்துகொள்கிறது. வெளியே அனுப்பும்போது குறியைக் கழற்றிவிட்டு அனுப்புகிறது. கணினிக்கோ பிரின்டருக்கோ கமராவுக்கோ வீலான் என்று ஒன்று இருப்பதே தெரியாது, தெரியத் தேவையுமில்லை. ட்ரங்க் போர்ட் லொறி. பல வீலான்களின் பொட்டலங்கள் குறியோடு ஏறும், குறியோடு இறங்கும்.

குறி என்பது நான்கே நான்கு பைட்டுகள். அனுப்புபவரின் மெக் முகவரி முடிந்த உடனே செருகப்படுகிறது. முதல் இரண்டு பைட்டுகளில் 8100 என்னும் பதினறும எண் இருக்கும். 'பின்னால் குறி வருகிறது, கவனி' என்பது அதன் பொருள். அடுத்த இரண்டில் மூன்று பிட்டுகள் முன்னுரிமைக்கு, ஒன்று நெரிசலில் எதைக் கைவிடலாம் என்பதற்கு, மிச்சம் 12 பிட்டுகள் வீலான் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண்கள் அடங்கும். சுழியமும் 4095உம் ஒதுக்கப்பட்டவை என்பதால் கைக்கு வருவது 4094. கல்பிட்டியில் எந்த விடுதிக்கும் ஏழெட்டுக்கு மேல் தேவைப்படாது. ஆனாலும் எண்ணை யோசித்துக் கொடுங்கள். ஒரே முதலாளியின் இரண்டு இடங்களில் ஓரிடத்தில் கமராவுக்கு 30, மற்ற இடத்தில் விருந்தினருக்கு 30 என்று போட்டு வைத்தால், பிறகு ஒருநாள் இரண்டையும் இணைக்கச் சொல்லும்போது தலையில் கைதான்.

மறுமுனையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் வைஃபை அக்ஸஸ் பொயின்ட். பெயரில் அக்ஸஸ் இருக்கிறதே என்று பலர் அதை அக்ஸஸ் போர்ட்டில் செருகுகிறார்கள். விருந்தினருக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று என இரண்டு வைஃபை பெயர்களை அது ஒலிபரப்புகிறதென்றால், இரண்டு வீலான்களின் பொட்டலங்களும் ஒரே கேபிளில் வந்தாக வேண்டும். அதற்குக் குறி வாசிக்கத் தெரியும். ஆகவே அங்கே ட்ரங்க். அதேபோல ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சேவையகத்துக்கும் ட்ரங்க்தான். மாறாக, மறுமுனையில் ஸ்விட்ச்தான் இருக்கிறது, ஆனால் அது கடையில் மலிவாக வாங்கிய, எதையும் செட் பண்ண முடியாத ஐந்து போர்ட் பெட்டி என்றால் அக்ஸஸ் போதும். 'ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் ட்ரங்க்' என்ற மனப்பாடம் இந்த இடத்தில் காலை வாரிவிடும்.

மேசைப் போன் இன்னும் வேடிக்கையானது. சுவரிலிருந்து கேபிள் போனுக்கு, போனிலிருந்து கணினிக்கு. போனுக்குக் குறி தெரியும், கணினிக்குத் தெரியாது, கம்பியோ ஒன்று. இதற்காகத்தான் வொய்ஸ் வீலான் என்ற ஏற்பாடு: போர்ட் அக்ஸஸாகவே இருக்கும், கணினியின் பொட்டலம் குறியில்லாமல் வரும், போனின் குரல் மட்டும் குறியோடு வரும். முன்னுரிமைக்கான அந்த மூன்று பிட்டுகள் இங்கேதான் வேலை செய்கின்றன. யாரோ படம் தரவிறக்கும் நேரத்தில் வரவேற்பறைப் போனில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கக் கூடாதல்லவா.

இனி, ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் இடம். லொறியில் குறியே இல்லாத ஒரு பெட்டி ஏறிவிட்டால்? ஏற்றுபவரும் இறக்குபவரும் 'குறியில்லாதது இன்னாருடையது' என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் பிரச்சினையில்லை. அந்தப் பேச்சுக்குப் பெயர் நேட்டிவ் வீலான். யாரும் எதையும் மாற்றாவிட்டால் அது 1. இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 99 என்று இருந்தால் குறியில்லாத பொட்டலங்கள் இங்கே ஒரு வலையில் ஏறி அங்கே வேறு வலையில் இறங்கும். சிஸ்கோ ஸ்விட்ச்சாக இருந்தால் பொருந்தவில்லை என்று திரையில் முறையிடும். வேறு வேறு கம்பனி ஸ்விட்ச்சுகள் கலந்திருந்தால் முறைப்பாடும் வராது. கணக்காளரின் கணினிக்கு விருந்தினர் வலையின் ஐபி வந்து நிற்கும். நீங்கள் கணினியைச் சந்தேகித்து விண்டோஸை மீண்டும் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நேட்டிவ் வீலானை 1லேயே விட்டுவைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கெட்டிக்காரத் திருடன் ஒருவன் பெட்டியில் இரண்டு குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறான் என்று வையுங்கள். அவன் இருக்கும் வீலானும் ட்ரங்கின் நேட்டிவ் வீலானும் ஒன்று. முதல் ஸ்விட்ச் மேல் குறியைப் பார்த்து 'இது நேட்டிவ்தானே' என்று உரித்துவிட்டு அனுப்பும். அடுத்த ஸ்விட்ச்சுக்குத் தெரிவது உள்ளே ஒளிந்திருந்த இரண்டாவது குறி. பொட்டலம் போகக்கூடாத வலைக்குள் போய்ச் சேர்கிறது. பதில் திரும்பி வர வழியில்லை; ஆனால் கெடுதல் செய்ய ஒருவழிப் பாதையும் போதும். யாரும் பாவிக்காத ஓர் எண்ணை நேட்டிவாக வைத்து, அதில் ஒரு கணினியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஒரு வரி வேலை.

அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொரு வரி, போர்ட்டின் தானியங்கிப் பேரத்தை நிறுத்துவது. பல சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் போர்ட்டுகள் மறுமுனையோடு டிடிபி என்ற மொழியில் தாமாகவே பேசி, ட்ரங்காக மாறலாமா என்று முடிவெடுக்கும். விருந்தினர் அறையில் உள்ள சொக்கெட்டில் மடிக்கணினியைச் செருகியவர் 'நான் ஒரு ஸ்விட்ச்' என்று அந்த மொழியில் சொன்னால், அதை நம்பி லொறியின் முழுச் சரக்கையும் அவர் காலடியில் இறக்கிவிடக்கூடிய வெகுளிப் போர்ட் அது. அறைக்குப் போகும் போர்ட் எதுவானாலும் 'சுவிட்ச்போர்ட் மோட் அக்ஸஸ்' என்று கையால் எழுதுங்கள். தானாகத் தீர்மானிக்க விடுவது வசதி என்று கையேடு சொல்லலாம். இம்மடலின் அபிப்பிராயத்தில் அது சோம்பல்.

அறைகளைப் பற்றிப் பேசும்போது ஒன்று. தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் ஒக்டோபர் வரை கல்பிட்டிக் கடலில் பட்டம் கட்டி அலைச்சறுக்க உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். விடுதியின் விருந்தினர் வலையில் ஒருவர் கணினியை இன்னொருவர் பார்க்க எந்தத் தேவையும் இல்லை. எல்லோருக்கும் வேண்டியது இணையத்துக்கான வழி மட்டும்தான். ஒவ்வோர் அறைக்கும் தனி வீலான் போட்டு எண்ணை வீணாக்காமல் இதைச் செய்ய ப்ரைவேட் வீலான் இருக்கிறது. அதில் போர்ட்டுகள் மூன்று விதம். தனித்த போர்ட் ரௌட்டரோடு மட்டும் பேசும், பக்கத்து அறையோடு பேசாது. குழுப் போர்ட் தன் குழுவுக்குள்ளும் ரௌட்டரோடும் பேசும். ரௌட்டர் இருக்கும் பொதுப் போர்ட் எல்லோரோடும் பேசும். விலை குறைந்த ஸ்விட்ச்சுகளில் இதன் எளிய வடிவம் போர்ட் ஐசொலேஷன் என்ற பெயரில் கிடைக்கும். வைஃபையிலும் இதற்கு இணையான ஒரு பொத்தான் உண்டு. அதை மறந்துவிட்டுச் சுவர்ப் போர்ட்டை மட்டும் பூட்டுவது, முன்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போல.

சொற்கள் கம்பனிக்குக் கம்பனி மாறுவது உங்கள் தொழிலின் சாபம். சிஸ்கோவில் ட்ரங்க் என்றால் பல வீலான் ஏற்றும் போர்ட். எச்பியின் ப்ரோகர்வ் வரிசையில் ட்ரங்க் என்றால் இரண்டு மூன்று கேபிள்களை ஒன்றாகக் கட்டி ஒரே தடித்த கேபிளாக்குவது. சிஸ்கோவின் ட்ரங்குக்கு அங்கே டேக்ட் என்று பெயர். சிஸ்கோ படித்துவிட்டு எச்பி முன்னால் உட்கார்ந்தவர் ட்ரங்க் என்று கட்டளை கொடுத்துவிட்டு விழிப்பது வழமை. ஹுவாவேயில் அக்ஸஸுக்கும் ட்ரங்குக்கும் நடுவே ஹைபிரிட் என்று மூன்றாவது வகையும் உண்டு. பல வீலான்களைக் குறியில்லாமலே வெளியே அனுப்ப அதனால் முடியும். சக்தி மிக்கதுதான். ஆனால் ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்ப்பவருக்கு என்ன எண்ணத்தில் அப்படி எழுதினார்கள் என்று விளங்காது. உண்மையான தேவை இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

உங்களில் பலர் தினமும் கையாள்வது சிஸ்கோவும் அல்ல, ஹுவாவேயும் அல்ல. உலாவியில் திறந்து செட் பண்ணும் டிபி-லிங்க் மாதிரியான சின்னப் பெட்டி. அதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த வீலான் எந்தப் போர்ட்டில் குறியோடு போகும், எதில் குறியில்லாமல் போகும் என்பது ஒரு பக்கத்தில். குறியில்லாமல் உள்ளே வருவதற்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்ற பிவிஐடி வேறொரு பக்கத்தில். முதல் பக்கத்தை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்தால், கணினிக்குப் போகும் பொட்டலம் 20இல் சரியாகப் போகும். கணினியிலிருந்து வருவது 1இல் விழும். ஸ்விட்ச்சில் பச்சை விளக்கு எரியும், இணைப்பு இருப்பதுபோலவே தோன்றும், ஐபி மட்டும் வராது. ஐபி வராத கணினியைக் கண்டால் முதலில் பிவிஐடி பக்கத்தைத் திறவுங்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இதைப் புத்தகங்கள் சொல்வதில்லை. உப்புக் காற்று அடிக்கும் ஊர் இது. செப்பு முனை பச்சை பூத்துப்போயிருக்கும். கட்டளைப் பிழை என்று ஒரு நாளைத் தொலைத்துவிட்டு, கடைசியில் கிரிம்பரை எடுத்துப் புதுப் பிளக் அடித்ததும் வேலை செய்யும் கதை இந்தக் கரையில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

ட்ரங்கில் எந்தெந்த வீலான்கள் போகலாம் என்ற பட்டியலை எழுதுவதும் உங்கள் பொறுப்பு. எழுதாவிட்டால் பெரும்பாலான சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் எல்லாமே போகும். கமரா வலையின் சத்தமெல்லாம் தேவையில்லாத கட்டடத்துக்கும் பாயும். எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒரே ஒரு சொல். 10, 20, 99 ஏற்கெனவே பட்டியலில் இருக்க, 30ஐச் சேர்ப்பதற்காக 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலௌட் வீலான் 30' என்று தட்டினால் பழைய மூன்றும் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். எண்ணுக்கு முன்னால் 'அட்' என்ற சொல் வேண்டும். அந்தச் சொல் விடுபட்டதால் முழுக் கட்டடமும் இருண்ட அனுபவம் உலகத்தில் எந்த நாட்டு வலையமைப்பாளரைக் கேட்டாலும் கிடைக்கும்.

அதைப் புத்தளம் நகரத்தில் இருந்துகொண்டு கல்பிட்டியில் உள்ள ஸ்விட்ச்சுக்குத் தூரத்திலிருந்து செய்தால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் ஏறி நின்ற கிளையையே வெட்டியாயிற்று. பாலாவியால் திரும்பி, நுரைச்சோலையின் புகைபோக்கியைத் தாண்டி, சுமார் 40 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் போய்த்தான் திருத்த வேண்டும். சிஸ்கோவில் இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: மாற்றத்தைத் தொடங்குமுன் 'ரீலோட் இன் 10' என்று தட்டிவிடுவது. பத்து நிமிடத்தில் நீங்கள் ரத்துச் செய்யாவிட்டால் ஸ்விட்ச் தானாக மறுதொடக்கம் ஆகி, கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பும். சரிபார்த்து முடியும்வரை சேமிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வீலான் போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று முதலாளிமாரிடம் சொல்லாதீர்கள். வீலான் பிரிக்கும், யார் யாரோடு பேசலாம் என்பதை ரௌட்டரோ தீச்சுவரோதான் சொல்ல வேண்டும். இரண்டு வீலான்களுக்கும் ரௌட்டரில் ஐபி கொடுத்துவிட்டு விதி எதுவும் எழுதாமல் விட்டால், விருந்தினரின் கைப்பேசி கணக்காளரின் கணினிக்கு ரௌட்டர் வழியாகச் சாவகாசமாகப் போய்வரும். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைச் சங்கிலியில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவுபோயின. திருடர்கள் முதலில் நுழைந்தது குளிரூட்டல் வேலை பார்க்கும் ஒப்பந்தக் கம்பனி ஒன்றின் கடவுச்சொல்லைக் கொண்டு. அங்கிருந்து காசுக் கருமபீடம் வரை அவர்களால் நடந்துபோக முடிந்தது. ஐஸ் அறைக்கும் குளிரூட்டிக்கும் இணையம் கேட்கும் மீன் கம்பனிகள் உங்கள் வாடிக்கையாளராக இருக்கும் இந்தக் கரையில் அந்தச் சம்பவத்தை ஒருமுறை ஆற அமரப் படியுங்கள்.

இறாலுக்குத் திரும்புவோம். நோய்க்குப் பிறகு இத்துறையில் இருந்தவர்கள் கால்வாயை மூடவில்லை, மூடவும் முடியாது. பண்ணைப் பகுதிகளை வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரித்தார்கள். எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான நக்டா அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து பயிர்க் கலண்டர் போட்டார்கள். தண்ணீர் அதே தண்ணீர்தான். யார் எப்போது மதகைத் திறக்கலாம் என்பது மட்டும் கடதாசியில் ஏறியது. பண்ணையாளர்களிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடதாசியைத்தான்.

அடுத்தமுறை ரேக்கின் கதவைத் திறக்கும்போது ஒரு தாள் எடுத்து நான்கு பத்தி கீறுங்கள். போர்ட் எண், வகை, வீலான், மறுமுனையில் இருப்பது. 24 போர்ட்டுக்கு 24 வரி. பாவிக்காத போர்ட்டுகளை ஷட் டவுன் செய்து, எதுவும் இல்லாத ஒரு வீலானில் போட்டு, அதையும் எழுதுங்கள். மறுமுனை தெரியாத கேபிள் ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். அவற்றை அன்றே பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடியுங்கள். தாளை லெமினேட் பண்ணிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வெறும் தாளை ஒட்டினால் இந்த ஊர்க் காற்றுக்கு இரண்டு மழைக்காலம் கூடத் தாங்காது.